சுவருக்கு வெள்ளையடித்த கதை

போன மாதம் எங்கள் வீட்டு உள்ளறைகளுக்குப் பெயிண்ட் அடித்தோம். மகள் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்கு முன்னால் வேலையை முடித்தாக வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். வந்த பெயிண்டர் இளைஞர், முப்பது வயது இருக்கும். 20 லிட்டர் வாளியைத் திறந்தார், குழாயில் ஒரு மக் தண்ணீர் பிடித்து ஊற்றினார், குச்சியை விட்டுக் கலக்கினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, வாடையே காணோமே?"

"இது தண்ணி பெயிண்ட் சார். வாடை ரொம்ப வராது. சீக்கிரம் காஞ்சிரும்."

"எங்க அப்பா காலத்துலயும் தண்ணிதான் ஊத்துனாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். என் வயதுக்காரர்களுக்குப் புரியும். நம் வீட்டுச் சுவர்கள் தண்ணீரில் தொடங்கி, நடுவில் எண்ணெய்க்குப் போய், மறுபடி தண்ணீருக்கே திரும்பி வந்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். அதற்குள் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பழைய வீடு நாகர்கோவிலில் கோட்டாறு பக்கம். தாத்தா கட்டியது. சுண்ணாம்புக் காரை பூசிய, ஒன்றரை அடி கனமுள்ள சுவர்கள். பொங்கலுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே அப்பா சந்தையிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்துவிடுவார். உள்நாட்டில் சுண்ணாம்புக் கல்லைச் சுடுவார்கள். கடலோரத்தில் சிப்பியையும் கிளிஞ்சலையும் சூளையில் போட்டுச் சுடுவார்கள். இரண்டும் அடிப்படையில் ஒரே பொருள்தான். ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் தானாகவே கொதிக்கும். தண்ணீரோடு கலந்து சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகும். சூளையில் போன வாயு சுவரில் திரும்பி வருகிறது. முப்பது வருடம் வேதியியல் பாடம் நடத்தியவன் நான். பாடப் புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சமன்பாடு இதுதான்.

வெள்ளையடிக்க ஒரு அண்ணன் வருவார். பிரஷ் எல்லாம் கிடையாது. பனை மட்டையின் அடியை ஊறவைத்து, கல்லில் நைத்து, நார் நாராக்கிக் கொண்டு வருவார். சுண்ணாம்பை முதல் நாளே பெரிய மண் பானையில் நீற்றி, மறுநாள் துணியில் வடிகட்டுவார். சுவரில் பிடிப்பதற்குச் சோற்றுக் கஞ்சியோ வஜ்ஜிரமோ சேர்ப்பார். கடைசியில் அம்மாவிடம் நீலப்பொடி கேட்பார். வேட்டிக்குப் போடும் அதே நீலம். ஒரு சிட்டிகை போட்டால், மங்கிய வெள்ளை பளிச்சென்று ஆகிவிடும்.

அந்த நீலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் இந்த நிறம் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை அரைத்துத்தான் கிடைத்தது; ஐரோப்பிய ஓவியர்கள் பொன் விலை கொடுத்து வாங்கினார்கள். செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று பிரான்சில் 1824-இல் அறிவித்தார்கள். கிமே என்பவர் செய்து காட்டி, 1828-இல் பரிசை வாங்கினார். அதன் பிறகுதான் விலை சரிந்து, அரசர்கள் மட்டும் வாங்கிய நிறம் நம் வீட்டு வெள்ளையடிக்கும் பானைக்குள் வந்து விழுந்தது.

சுண்ணாம்பைப் பற்றி இன்று எல்லோரும் புகழ்ந்து எழுதுகிறார்கள். புகழ வேண்டியதுதான். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் நின்றால், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே குளிர்ச்சி. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சையும் கிருமியும் எளிதில் தங்காது. அதனால்தான் நோய்க் காலங்களில் முதலில் வெள்ளையடிக்கச் சொல்வார்கள். ஆனால் அந்தக் காரம் கிருமி எது, மனிதன் எது என்று பார்ப்பதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1961-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு முன்பு. எனக்கு 11 வயது. முற்றத்தில் அண்ணன் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார். பானை குமுறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளான எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. கொதிப்பு அடங்குவது போலத் தெரிந்ததும், ஓரத்தில் கிடந்த ஒரு சுட்ட கல்லை எடுத்து நான் பானைக்குள் எறிந்தேன். அண்ணன் அப்போது குனிந்து கிண்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தெறித்து அவருடைய இடது கண்ணில் விழுந்தது.

அவர் போட்ட அலறல் இன்றும் காதில் இருக்கிறது. வீடே ஓடி வந்தது. "என்ன ஆச்சு?" என்று அப்பா கேட்டார். அண்ணன் கண்ணைப் பொத்திக்கொண்டே, "கை தவறி கல்லு விழுந்துட்டு" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

பாட்டி பக்கத்து வீட்டுக்காரியிடம் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டாள். அந்தக் காலத்தில் கண்ணில் எது விழுந்தாலும் அதுதான் வைத்தியம். பிறகு ஒரு துணியை வைத்துக் கட்டி, மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அதற்குள் கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண் திரும்பவில்லை.

எங்கள் வீட்டுக் கிணறு அந்தப் பானையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த நொடியே தண்ணீர், நிறையத் தண்ணீர். இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு, அரை மணி நேரமாவது விடாமல் ஊற்ற வேண்டும். பிறகு நேராக ஆஸ்பத்திரி. காரம் அமிலத்தைப் போல மேலோடு நின்றுவிடாது, உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது வயது 19. அதன் பிறகு ஆசிரியராக இருந்த அத்தனை வருடமும், சுண்ணாம்பு நீற்றும் பாடம் வரும் நாளில் இதை மட்டும் மூன்று தடவை சொல்லுவேன். ஏன் இந்த சார் இதையே சொல்கிறார் என்று பையன்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வரவில்லை. சந்தையில் ஒரு கடையில் மூட்டை தூக்கினார். என்னைப் பார்த்தால், "மக்கா, நல்லா படிக்கியா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அப்பா இறக்கும் வரை அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன். 60-களில் டிஸ்டம்பர் வந்தது. சுண்ணாம்பு மாதிரிதான், ஆனால் கொதிக்காது. சீமைச் சுண்ணாம்புத் தூளில் பசையும் நிறமும் சேர்த்தது. தண்ணீரில் கரைத்து அடிக்க வேண்டியதுதான். ரோஸ், இளம்பச்சை, வெண்ணெய் நிறம் என்று வீடுகள் மாறின. சாய்ந்தால் முதுகில் ஒட்டுகிற குணம் மட்டும் போகவில்லை. கல்யாண வீட்டில் பட்டுச்சேலைக்காரர்கள் சுவரைத் தொடாமல் நடந்தது நினைவிருக்கிறதா?

பெயிண்ட் கம்பெனிகள் நம் நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டன. ஹௌராவில் ஷாலிமார் பெயிண்ட்ஸ் 1902-இலேயே தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பெயிண்ட் வருவது தடைப்பட்டபோது, 1942-இல் பம்பாயில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஏஷியன் பெயிண்ட்ஸ். 1954-இல் ஆர்.கே. லக்ஷ்மண் அதற்காக வரைந்த, கையில் பிரஷ்ஷோடு முன்மயிர் விழுந்த சுட்டிப் பையன் 'கட்டு'வை மறந்திருக்க மாட்டீர்கள்.

1979-இல் எனக்குக் கல்யாணம். புது மருமகள் வரும் அறைக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தே தீர வேண்டும் என்றார் அப்பா. ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் பார்ப்போமே, இடுப்பளவு உயரத்துக்குப் பச்சை, அதற்கு மேலே வெள்ளை, அதே மாதிரி. துடைத்தால் பளபளக்கும். அழுக்கு ஏறாது. அதுதான் அன்று கௌரவம்.

ஆனால் அந்த வாடை! டர்பன்டைனும் தின்னரும் காற்றில் கலக்கக் கலக்கத்தான் பெயிண்ட் காயும். நாள் கணக்கில் தலைவலி. புதுப்பெண் கூடத்தில் படுத்தாள். மாலையில் பெயிண்டர் கையைக் கழுவ மண்ணெண்ணெய் கேட்பார். கை முழுக்க மண்ணெண்ணெயைத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டு, அதற்கும் பிறகு அதே கையால்தான் சாப்பிடுவார்.

வாடையைவிடப் பெரிய ஆபத்து வாடையே இல்லாதது. அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயிண்டுகளில் காரீயம் இருந்தது. வெள்ளைக்குக் காரீயக் கார்பனேட், மஞ்சளுக்கும் பல பச்சைகளுக்கும் காரீயக் குரோமேட், சீக்கிரம் காய்வதற்கும் காரீய உப்புகள். உதிர்ந்த பெயிண்டையும் அதன் தூசியையும் வாயில் வைக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இது புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. வீட்டு உட்புறங்களில் வெள்ளைக் காரீயப் பெயிண்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இலேயே உடன்படிக்கை போட்டது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நடுவில் 96 வருடம். என் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பச்சைச் சுவரைப் பிடித்துத்தான் நடை பழகினார்கள்.

அந்தச் சுவர்களுக்கு மாற்று எங்கிருந்து வந்தது என்று தேடினால், பாதை மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போகிறது. நம் ஊர்களிலிருந்து எத்தனை குடும்பங்கள் அங்கே பால் வெட்டப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அந்தப் பகுதியின் தோட்டங்களையெல்லாம் ஜப்பான் பிடித்துக்கொண்டதால், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வந்துகொண்டிருந்த ரப்பரில் பெரும்பங்கு நின்றுபோனது. டயர் இல்லாமல் போர் ஏது? அமெரிக்கா அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் செய்யத் தொடங்கியது. 1941-இல் சில ஆயிரம் டன்னாக இருந்த உற்பத்தி, 1945-இல் ஆண்டுக்கு 8 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்ற இரண்டு பொருள்களைச் சோப்புத் தண்ணீரில் வைத்துச் சேர்த்தால் ரப்பர் பால் போலவே வெள்ளையாக ஒரு பால் கிடைக்கும். அதிலிருந்து டயர்.

போர் முடிந்ததும் தோட்டத்து ரப்பர் மறுபடி வரத் தொடங்கியது. இந்தச் செயற்கைப் பாலை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று தேடினார்கள். 1948-இல் கிளீவ்லாண்ட் நகரத்து கிளிடன் நிறுவனம் அதில் நிறத்தைக் கலந்து உட்சுவர்ப் பெயிண்டாக விற்றது. அதே ஊரின் ஷெர்வின்-வில்லியம்ஸ் 1941-இலேயே, போர்க்கால எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்கு நடுவே, பாலிலுள்ள கேசீனைச் சேர்த்துத் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. செயற்கை ரப்பர்ப் பெயிண்ட் நாளாக நாளாகப் பழுத்தது. 1953-இல் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் அக்ரிலிக் பாலைக் கொண்டுவந்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது. இன்று நம் சுவரில் அடிக்கும் எமல்ஷன் அதன் வாரிசு.

எமல்ஷன் என்பதற்கு நம் பாடப் புத்தகத்தில் பால்மம் என்று பெயர். குலசேகரம் பக்கம் போயிருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சிரட்டையில் வடிந்த ரப்பர் பால் கொஞ்ச நேரத்தில் கட்டிப்படும், பிறகு ஒரே தோலாக உரிந்து வரும், அல்லவா? இதுவும் அந்த மாதிரிதான். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாகப் போய்விட்டால் துளிகள் ஒன்றோடொன்று நெருங்கி, இணைந்து ஒரே தோலாகிவிடும். காய்ந்தபின் தண்ணீரால் துடைத்தாலும் கரையாது. காற்றில் கலப்பதில் பெரும்பங்கு வெறும் நீராவி என்பதால்தான் வாடை குறைவு. அதற்காக வாடையே இல்லை என்றும் நம்பிவிடாதீர்கள். சில இரசாயனங்கள் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று நாள் ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டே படுங்கள்.

இதில் நம் மாவட்டத்துக்கு நேரடிப் பங்கும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலை நாமெல்லாம் சிறுவயதில் காலால் எத்தியிருக்கிறோம். இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் தேடி வந்தது மோனசைட்டுக்காக. கூடவே இருந்த இல்மனைட்டை அப்போது யாரும் மதிக்கவில்லை. 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் அந்தக் கனிமத்திலிருந்து டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளையை எடுத்தார்கள். காரீயத்தைவிட வெண்மை, அந்த விஷமும் இல்லை. 1946-இல் திருவனந்தபுரத்தில் இதற்கென்றே ஆலை நிறுவினார்கள். நாம் அப்போது திருவிதாங்கூரில்தானே இருந்தோம். கறுப்பு மணலுக்குள் இருந்த வெள்ளைதான் காரீயத்தை விரட்டியது.

எங்கள் ஊரில் எமல்ஷன் சாதாரண வீடுகளுக்கு வந்தது 90-களில். நான் 2003-இல் அடித்தேன், அதுவும் தப்பாக அடித்தேன். தாத்தாவின் சுண்ணாம்புச் சுவர் மேல் நேராக அடித்துவிட்டேன். நமக்கு மழை வருடத்தில் இரண்டு தடவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடித்து, வெயிலில் வெளியே விடும். பிளாஸ்டிக் தோல் போர்த்தியதும் அதற்கு வழியில்லை. அடுத்த ஐப்பசியில் ஓதம் ஏறி, சுவரெங்கும் கொப்புளம். தொட்டால் தோல் உரிந்து, காரையோடு விழுந்தது. அந்த அறைகளைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பே அடித்தேன். இன்று நாங்கள் இருப்பது மகன் கட்டிய சிமென்ட் பூச்சு வீடு, இதற்கு எமல்ஷன் பொருத்தம்.

ஆகவே அனுபவத்தில் இரண்டு வார்த்தை. பழைய சுண்ணாம்புச் சுவர் வைத்திருப்பவர்கள் அதற்குச் சுண்ணாம்பையே கொடுங்கள். கண்ணாடி போடாமல் யாரையும் நீற்ற விடாதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருக்கும் சுவரையோ கதவையோ காய்ந்தபடி உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், அந்தத் தூசியில் காரீயம் இருக்கலாம். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கடைசி நாள் சாயங்காலம். பெயிண்டர் தலைக்கு மேலே ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு துளி தெறித்து அவர் கண்ணோரத்தில் விழுந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து, "தம்பி, இறங்கு, கீழே இறங்கு" என்று கத்திவிட்டேன். அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். வேண்டாம் சார், ஒண்ணுமில்ல சார் என்றார். நான் விடவில்லை. பத்து நிமிடம் கண்ணில் தண்ணீர் அடிக்க வைத்தேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன, அவ்வளவுதான். "சாருக்கு ரொம்ப பயம்" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். அன்று ராத்திரி, 1961-இல் பானைக்குள் கல்லை எறிந்தது யார் என்று அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த அண்ணனுக்குப் பிள்ளைகள் யாராவது ஊர்ல இருக்காங்களா, விசாரிங்க" என்றாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.